என்டிஎம்-1: ஒரு சிறுநீர் மாதிரியிலிருந்து டெல்லியின் குடிநீர்க் குழாய் வரை

2008 ஜனவரி 8ஆம் தேதி டெல்லி மருத்துவமனை ஒன்றிலிருந்து சுவீடன் மருத்துவமனைக்கு ஒரு நோயாளி மாற்றப்பட்டார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர், சுவீடனில் வசித்தவர், அறுபது வயதை நெருங்கியவர். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பக்கவாதமும் பலமுறை வந்திருந்தது. சில வாரங்களுக்கு முன் பஞ்சாபில் இருந்தபோது பிட்டத்தில் பெரிய சீழ்க்கட்டி வந்து லூதியானாவில் சேர்க்கப்பட்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் டெல்லிக்குக் கொண்டுவந்து மீண்டும் அறுவை சிகிச்சை செய்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்ததில் படுக்கைப் புண்ணும் சேர்ந்துகொண்டது. சுவீடன் போய்ச் சேர்ந்த மறுநாள் எடுத்த சிறுநீர் மாதிரியில் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்தது.

இதுவரை சொன்னதில் புதுமை எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளிக்குச் சீழ்க்கட்டி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவை நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் பார்ப்பவை. க்ளெப்சியெல்லாவும் புதிய கிருமி அல்ல. நம் குடலிலேயே வாழ்வது. ஆனால் அந்தக் கிருமியிடம் ஏறத்தாழ எந்த மருந்தும் எடுபடவில்லை.

சோதனைக்கூடத்தில் அது எப்படித் தெரியவரும் என்பதை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. வட்டத் தட்டில் உறையவைத்த அகார் மேல் நோயாளியின் கிருமியைச் சீராகப் பூசுவார்கள். அதன் மேல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். ஓர் இரவு முழுவதும் 35 டிகிரி வெப்பத்தில் வைத்து, காலையில் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். அதை அளவுகோலால் அளப்பார்கள். வேலை செய்யாவிட்டால் சாம்பல் நிறப் படலம் வில்லையின் விளிம்பு வரை வந்து முட்டியிருக்கும். மருத்துவமனைகளில் கடைசி நம்பிக்கையாகப் பயன்படும் கார்பபெனெம் வகை மருந்துகளிடமும் அந்தக் கிருமி பணியவில்லை. கொலிஸ்டின் போன்ற, நச்சுத்தன்மை மிகுந்த ஓரிரு பழைய மருந்துகளே மிஞ்சின.

இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. கார்பபெனெம் மருந்துடன் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து வைப்பார்கள். ஈடிடிஏ உலோக அணுக்களைப் பிடுங்கிக்கொள்ளக்கூடியது. கிருமி உண்டாக்கும் நொதி துத்தநாகத்தை நம்பியிருந்தால், துத்தநாகம் போனதும் நொதி செயலிழக்கும். சற்றுமுன் தோற்ற அதே மருந்து இப்போது வெல்லும். சுவீடன் நோயாளியின் கிருமி துத்தநாகத்தை நம்பிய நொதி ஒன்றைத்தான் உண்டாக்கியது. ஆனால் இத்தகைய நொதிகளுக்கு அதுவரை தெரிந்திருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தேடியபோது எதுவும் பொருந்தவில்லை. சுவீடன் ஆய்வாளர்களும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இருந்த டிமோதி வால்ஷ் குழுவினரும் சேர்ந்து அந்தப் புதிய மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 2009 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நொதிக்கு நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்-1, சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயரிட்டார்கள்.

நொதி செய்யும் வேலை

பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் ஆகிய மூன்று மருந்துக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நான்கு அணுக்கள் சேர்ந்த பீட்டா-லாக்டம் என்ற சிறு வளையம் அது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் இந்த வளையம் போய் ஒட்டிக்கொண்டு கட்டுமான வேலையை நிறுத்திவிடும். சுவர் வலுவிழந்து கிருமி வெடித்துச் சாகும். வளையத்தை உடைத்துவிட்டால் மருந்து வெறும் தூள்.

வளையத்தை உடைக்கும் நொதிகள் மனிதன் மருந்து கண்டுபிடித்த பிறகு தோன்றியவை அல்ல. பென்சிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, 1940இல், அதைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவில் இருப்பதை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மண்ணில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று நஞ்சிட்டு வாழ்பவை. நஞ்சுக்கு மாற்றும் கூடவே வளர்ந்திருக்கிறது. 1985இல் சந்தைக்கு வந்த இமிபெனெம் முதலான கார்பபெனெம்களின் சிறப்பு, அப்போது பரவலாக இருந்த சிதைக்கும் நொதிகளுக்கு அவை எளிதில் உடையாததுதான். என்டிஎம்-1 அந்தப் பாதுகாப்பையும் உடைத்தது. அதன் மையத்தில் இருக்கும் இரண்டு துத்தநாக அயனிகள் ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டி வளையத்தைப் பிளக்கச் செய்கின்றன. கார்பபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெமின் வளையமும் அதற்கு விதிவிலக்கில்லை.

மருந்தை உள்ளே விடாமல் துளைகளை அடைப்பது, நுழைந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது, மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்வது எனக் கிருமிகளுக்கு வேறு வழிகளும் உண்டு. மருத்துவமனைகளில் அலையும் கிருமிகள் பெரும்பாலும் இவற்றில் பலவற்றைச் சேர்த்தே வைத்திருக்கும்.

இந்த நிகழ்வில் நொதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் மரபணு இருந்த இடம். பாக்டீரியாவின் முதன்மைக் குரோமோசோமில் அது இல்லை; பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. ஏறத்தாழ 1,80,000 எழுத்துகள் நீளமுள்ள அந்த வளையத்தில் வேறு சில மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் ஏறியிருந்தன. நல்ல சமையல் குறிப்பு எழுதிய தாள் தெருவில் வீடு வீடாகக் கைமாறுவதுபோல, பிளாஸ்மிட்டின் நகல் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வாங்கிக்கொள்ளும் பாக்டீரியா அதே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இதற்கான சான்று அதே நோயாளியிடம் கிடைத்தது. பின்னர் அவருடைய மலத்தில் ஈ. கோலை என்ற வேறொரு குடல் பாக்டீரியா கிடைத்தது, அதிலும் என்டிஎம்-1 இருந்தது, ஏறத்தாழ 1,40,000 எழுத்துகள் கொண்ட பிளாஸ்மிட்டில். அவருடைய உடலுக்குள்ளேயே மரபணு ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

"மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிவிடும்" என்பதுதான் நம்மிடையே வழங்கும் விளக்கம். இந்த நோயாளிக்கு அது பொருந்தாது. எதிர்ப்பு அவர் உடலில் பிறக்கவில்லை. உலகின் பல நாடுகளில் கிருமிகளைச் சேகரித்துக் கண்காணிக்கும் சென்ட்ரி என்ற திட்டத்தில் 2006, 2007 ஆண்டுகளில் டெல்லி, மும்பை, புனே மருத்துவமனைகளிலிருந்து எடுத்து வைத்திருந்த கிருமிகளைப் பிற்பாடு சோதித்தபோது அவற்றிலும் என்டிஎம்-1 இருந்தது. அவர் மருத்துவமனைப் படுக்கையில் படுக்கும் முன்பே மரபணு இங்கே உலவிக்கொண்டிருந்தது. எந்தக் கையாலோ குழாயாலோ கழிப்பறையாலோ அது அவரிடம் வந்து சேர்ந்தது. ஆன்டிபயாடிக் செய்த வேலை வேறு: குடலில் அந்த மருந்துக்கு மடியக்கூடிய பாக்டீரியாக்களையெல்லாம் அழித்து, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுத்தது. சளிக்கும் சாதாரண காய்ச்சலுக்கும் வாங்கி விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் இதையேதான் செய்கிறது. அவற்றை உண்டாக்கும் வைரஸை அது தொடக்கூட இல்லை. குடலில் தேர்வு மட்டும் நடந்து முடிகிறது.

சென்னை

2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரைதான் இதை உலகச் செய்தியாக்கியது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவராக இருந்தவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என என்டிஎம்-1 கொண்ட கிருமிகள் அடையாளம் காணப்பட்டன. பிரிட்டனில் பாதிக்கப்பட்ட 29 பேரில் 17 பேராவது முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய்வந்தவர்கள். அதே ஆண்டு மார்ச்சிலேயே மும்பை இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள், கார்பபெனெமுக்கு அடங்காத 24 கிருமிகளில் 22இல் என்டிஎம்-1 இருப்பதாக இந்திய மருத்துவர் சங்க இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். அதை நாடு கவனிக்கவில்லை.

லான்செட் கட்டுரை வந்ததும் எழுந்த விவாதம் பெரும்பாலும் பெயரைப் பற்றியது, வெளிநாட்டு நோயாளிகளின் வருகை குறையுமே என்ற கவலையைப் பற்றியது. மத்திய அரசு மறுப்பு வெளியிட்டது. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன், நகரத்தின் பெயரை வைத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். அந்த மனத்தாங்கலில் நியாயம் இருந்தது. ஆனால் சென்னையில் கிடைத்த 44 கிருமிகள் பெயரால் வந்தவை அல்ல. அவை எந்த வார்டிலிருந்து வந்தன, அங்கே கை கழுவத் தண்ணீர் இருந்ததா என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

2011 ஏப்ரலில் வால்ஷ் குழுவினரின் அடுத்த கட்டுரை வந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமானது அதுதான். டெல்லியின் மையப்பகுதியைச் சுற்றி 12 கிலோமீட்டர் வட்டத்துக்குள் தெருவில் தேங்கிய நீரிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் 171 மாதிரிகள், பொதுக் குழாய்களிலிருந்து 50 குடிநீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குடிநீரில் 2 மாதிரிகளிலும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவிலும் காலராவின் விப்ரியோவிலும்கூட அது ஏறியிருந்தது. பிளாஸ்மிட் கைமாறுவது 25 டிகிரியிலோ உடல் வெப்பமான 37 டிகிரியிலோ இருப்பதைவிட 30 டிகிரி வெப்பத்தில் அதிகமாக நடக்கிறது என்பதையும் காட்டினார்கள். நம் ஊர்ச் சாக்கடையில் ஆண்டின் பெரும்பகுதி நிலவும் வெப்பம் அதுதான்.

அதாவது, மருத்துவமனைப் பக்கமே போகாத, வாழ்நாளில் மெரோபெனெம் ஊசி போட்டுக்கொள்ளாத ஒருவரும் ஒரு குவளைத் தண்ணீரில் இந்த மரபணுவைக் குடிக்க முடியும். குடலில் அது ஓசையின்றித் தங்கியிருக்கும். என்றோ ஒருநாள் பிரசவத்துக்கோ விபத்துக்கோ மருத்துவமனையில் சேரும்போது, சிறுநீர்க் குழாய் வழியாகவோ அறுவைக் காயம் வழியாகவோ இரத்தத்தில் கலக்கும். 2013இல் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் எடுத்த மண்ணிலும் இந்த மரபணு இருந்ததாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தண்ணீரில் கலப்பது கிருமிகள் மட்டுமல்ல, மருந்தும்தான். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தில், ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை 2007இல் சுவீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்டார்கள். அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் எட்டும் அளவைவிட இது அதிகம்.

என்ன செய்தோம்

2012 ஆகஸ்டில் சென்னையில் தொற்றுநோய் மருத்துவர்களின் மாநாட்டையொட்டி இந்திய மருத்துவச் சங்கங்கள் பல ஒன்றுகூடின. டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று ஒருங்கிணைத்த அந்தக் கூட்டத்தின் முடிவுகள் 'சென்னைப் பிரகடனம்' என்று அழைக்கப்படுகின்றன. குறையற்ற கொள்கையைவிட நடைமுறைப்படுத்தக்கூடிய கொள்கையே வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. மருத்துவரே இல்லாத கிராமத்தில், மருந்துச்சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் விற்கக் கூடாது என்று ஒரே நாளில் தடை போட்டால் நிமோனியா வந்த குழந்தை சாகும். ஆகவே கடைசிக்கட்ட மருந்துகளில் கட்டுப்பாட்டைத் தொடங்கிப் படிப்படியாக விரிக்கச் சொன்னார்கள். இந்தத் துறையில் நான் படித்த இந்திய ஆவணங்களில் நம் நிலைமையை உள்ளபடி பார்த்துப் பேசியது இதுவே.

2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் எச்1 என்ற மருந்து விற்பனை விதி இந்த வழியில்தான் அமைந்தது. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனெம் உட்பட 46 மருந்துகள் அதில் இருந்தன. அவற்றில் 24 ஆன்டிபயாடிக். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்க வேண்டும். கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். விதி நல்ல விதி. மருந்துக்கடையில் "மூணு நாளைக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கியிருப்பவர்களுக்கு அது எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகிறது என்று தெரியும்.

2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளிலும் கோழித் தீவனத்திலும் கொலிஸ்டின் பயன்படுத்துவதை இந்தியா தடை செய்தது. என்டிஎம் கிருமிக்கு எதிராக நம் கையில் மிஞ்சியிருந்த மருந்து அது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் பெருமளவு ஒதுக்கிவைக்கப்பட்டு, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுக்கப்பட்ட மருந்து. அதையே கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டறிந்து 2015 நவம்பரில் வெளியிட்டிருந்தார்கள். நம் தடை வர அதற்கு மேல் மூன்றரை ஆண்டுகள் ஆயின.

இடையில், 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எழுபது வயதைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். இந்தியாவில் தங்கியிருந்தபோது தொடை எலும்பு முறிந்து, எலும்பிலும் இடுப்பிலும் தொற்று ஏற்பட்டு, இங்கே பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அவரிடமிருந்து எடுத்ததும் என்டிஎம் கொண்ட க்ளெப்சியெல்லாதான். சோதித்த 26 ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றுகூட எடுபடவில்லை. ஆனால் இந்தக் கதையின் மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை: அவரைத் தனி அறையில் வைத்து, உள்ளே போன ஒவ்வொருவரும் மேலங்கியும் கையுறையும் அணிந்தார்கள், அதே பிரிவில் இருந்த மற்ற நோயாளிகளைச் சோதித்ததில் ஒருவரிடமும் அந்தக் கிருமி இல்லை. மருந்துகள் அனைத்தும் தோற்ற இடத்தில் கையுறையும் கைகழுவலும் தோற்கவில்லை.

செய்ய வேண்டியவை

2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. புதிய மருந்து கண்டுபிடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் சுவீடன் நோயாளியின் பாதையைத் திரும்பப் பார்க்க வேண்டும். அவர் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் மருந்து இல்லாத ஒரு தடுப்பு இருந்தது.

மருத்துவமனையில் முதல் வேலை கைச் சுத்தம். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்முன் ஆல்கஹால் கரைசலைக் கையில் தேய்த்துக்கொள்ள அரை நிமிடம் ஆகும். ஒரு செவிலியருக்கு முப்பது நோயாளிகள் என்ற வார்டில் அந்த அரை நிமிடம்கூடக் கிடைக்காது. ஆகவே இது ஒழுக்கப் பிரச்சினை மட்டுமல்ல, ஆட்கள் நியமனப் பிரச்சினை. சிறுநீர்க் குழாய் இன்றும் தேவையா என்று நாள்தோறும் கேட்டு, தேவையில்லாவிட்டால் அன்றே எடுத்துவிட வேண்டும். உறவினர்களும் தயங்காமல் மருத்துவரிடம் கேட்கலாம்: "சார், இந்தக் குழாய் இன்னும் வேணுமா?"

அடுத்தது கல்ச்சர், அதாவது நோயாளியின் மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. முதல் வேளை ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன் இரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்; உயிருக்கு ஆபத்தான நிலையில் அதுவரை காத்திருக்க முடியாது, மருந்தைத் தொடங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் முடிவு வந்ததும் எளிய மருந்து போதும் என்று தெரிந்தால் அதற்கு இறங்கி வர வேண்டும். மாதிரியே அனுப்பாத இடத்தில் இறங்கி வர வழியே இல்லை. நோயாளி தேறும்வரை மெரோபெனெம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு சொல்வேன். போன முறை மிஞ்சிய மாத்திரையை இந்த முறை போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் எதிர்ப்பு வராது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. சாதாரண நிமோனியா போன்ற பல தொற்றுகளுக்குக் குறுகிய காலச் சிகிச்சையே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகக் காசநோய் மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அங்கே மாதக்கணக்கு மாதக்கணக்குதான்.

இவற்றைவிடப் பெரியது சாக்கடையும் குடிநீரும். டெல்லியில் 50 குழாய்களில் இரண்டில் கிடைத்ததை எந்த மருந்துச்சீட்டுச் சட்டமும் தடுக்காது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே ஓடி, விட்டு விட்டு வரும் தண்ணீரின் அழுத்தம் குறையும்போது கசிவு உள்ளே இழுக்கப்படும் ஊர்களில், பொறியாளர் செய்யும் பழுதுபார்ப்பும் தொற்றுநோய் மருத்துவம்தான். இந்தப் பிரச்சினைக்கான நிதியைப் பற்றிப் பேசும்போது குடிநீர் வாரியத்தை ஏன் அழைப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மருந்துத் தரப்பிலும் நல்ல செய்தி உண்டு. என்டிஎம் நொதியால் உடைக்க முடியாத ஒரு பழைய மருந்து அஸ்ட்ரியோனாம். கிருமிகளிடம் கூடவே இருக்கும் வேறு நொதிகள் அதை உடைத்துவிடுவதால் தனியாகப் பயன்படவில்லை. அந்த மற்ற நொதிகளை முடக்கும் அவிபாக்டமை அதனுடன் சேர்த்த கூட்டு மருந்துக்கு 2024இல் ஐரோப்பாவும் 2025இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. இந்திய மருத்துவர்கள் அதற்கு முன்பே வேறொரு அவிபாக்டம் மருந்தையும் அஸ்ட்ரியோனாமையும் ஒருசேரக் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்றி வந்தார்கள்.

ஆனால் அஸ்ட்ரியோனாம் போய் ஒட்டும் புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்ட ஈ. கோலை, என்டிஎம் கொண்ட இந்தியக் கிருமிகளிடையே ஏற்கெனவே காணப்படுகிறது. அத்தகைய கிருமியிடம் இந்தக் கூட்டு மருந்தின் வீரியம் குறைகிறது. ஆகவே, என்டிஎம் என்று அறிக்கை வந்தவுடன் இந்த மருந்தை எழுதிவிடாமல், அதற்கும் தனியாக உணர்திறன் சோதனை செய்யும்படி சோதனைக்கூடத்திடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்யக்கூடிய கூடங்கள் மாவட்டத் தலைநகர்களிலாவது இருக்க வேண்டும்.